கோப்பைக் கணக்கும் ஊர்க் கணக்கும்

2024 செப்டம்பர் கடைசியில் சேப்பாக்கத்தில் இந்திய இளையோர் அணியும் ஆஸ்திரேலிய இளையோர் அணியும் நான்கு நாள் டெஸ்ட் ஆடின. பிஹாரின் சமஸ்திபூரிலிருந்து வந்த வைபவ் சூர்யவன்ஷி அதில் 58 பந்துகளில் சதம் அடித்தார். அன்று அவருக்கு வயது 13 ஆண்டு 188 நாள். இளையோர் டெஸ்டில் இதைவிட வேகமான சதம் ஒன்றே ஒன்றுதான்: 2005-ல் இங்கிலாந்தின் மொயீன் அலி 56 பந்துகளில் அடித்தது.

செய்தி வந்த கையோடு டீக்கடையில் எழுந்த கேள்வி சதத்தைப் பற்றியதல்ல. "பையனுக்கு நிஜமாவே பதிமூணுதானா?" நாடு முழுக்க இதே பேச்சு. எட்டரை வயதிலேயே கிரிக்கெட் வாரியத்தின் எலும்புப் பரிசோதனைக்கு மகன் கை நீட்டிவிட்டான், வேண்டுமானால் இன்னொரு முறையும் நீட்டுவான் என்று அவருடைய தந்தை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இளையோர் கிரிக்கெட்டில் ரன்னுக்கு முன்னால் எண்ண வேண்டியது வயதை. நம் ஊர்ப் பக்கம் வயது என்பது நெடுங்காலம் மதிப்பீடாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுக்கொள்வார். கிரிக்கெட் வாரியம் இன்று 16 வயதுப் பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கிறது. காதைத் தொடச் சொன்ன வாத்தியார் கேட்ட அதே கேள்விதான்; கருவிதான் மாறியிருக்கிறது. எலும்பு முற்றிய பிறகு எக்ஸ்ரேயிலிருந்து அதிகம் தெரியாது என்பதால்தான் 16-லேயே எடுத்துவிடுகிறார்கள்.

வயதைக் குறைத்துக் காட்டுவதைச் சின்னத் தப்பு என்று நினைப்பவர்கள் ராகுல் திராவிட் 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் பேசியதைத் தேடிப் படிக்கலாம். இளையோர் அணியின் பயிற்சியாளராக இருந்துகொண்டே அவர் சொன்னதன் சாரம் இது: பெற்றோரும் பயிற்சியாளரும் சேர்ந்து பிறந்த தேதியை மாற்றும்போது ஒரு பையனுக்கு ஏமாற்றத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள், உண்மையான வயதோடு வந்த இன்னொரு பையனின் இடத்தையும் பறிக்கிறார்கள். 2020-ல் வாரியம் ஒரு பொது மன்னிப்புத் திட்டமே கொண்டுவந்தது. தாங்களாக முன்வந்து உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை, பிடிபட்டால் இரண்டு வருடத் தடை. மன்னிப்புத் திட்டம் போடும் அளவுக்கு நோய் பரவியிருந்தது என்றுதான் இதற்குப் பொருள்.

திராவிட் காலத்தில் வந்த இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. ஒருவர் ஒரு முறைதான் இளையோர் உலகக் கோப்பை ஆடலாம், 19 வயதுப் பிரிவில் இரண்டு பருவங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் வாரியம் விதி செய்தது. அதற்கு முன் ரவீந்திர ஜடேஜா 2006, 2008 இரண்டிலும் ஆடினார்; சர்ஃபராஸ் கான் 2014, 2016 இரண்டிலும் ஆடினார். நம் வாஷிங்டன் சுந்தர் 2016-ல் ஆடியவர். 2018-லும் ஆட அவருக்கு வயது இருந்தது, விதி இடம் தரவில்லை. நஷ்டம் ஒன்றுமில்லை, 2017 டிசம்பரிலேயே அவர் சீனியர் அணிக்குப் போய்விட்டார். அவர் காலி செய்த இடம் இன்னொரு பையனுக்குக் கிடைத்தது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த விதி புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தலின் தகுதிகளை அடுக்குகின்றன. முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ் வயது இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் ஊர்ச் சபை வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுப்பவன் ஒரு சிறுவன். நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவனுக்கு அந்தக் குடத்தில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். குடவோலையைப் புகழ்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனாலும் வயதுக்கு வரம்பு, இருந்தவர் விலகி வழிவிடுதல், கணக்குக் காட்டுதல் என்ற மூன்றையும் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். முதல் இரண்டையும் கிரிக்கெட் வாரியம் இப்போது பிடித்துக்கொண்டது. மூன்றாவது பாக்கி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோப்பைக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். முகமது கைஃப் தலைமையில் 2000-ல் கொழும்பு, விராட் கோலி தலைமையில் 2008-ல் கோலாலம்பூர், உன்முக்த் சந்த் தலைமையில் 2012-ல் டவுன்ஸ்வில், பிருத்வி ஷா தலைமையில் 2018-ல் மவுண்ட் மாங்கானுயி, யஷ் துல் தலைமையில் 2022-ல் ஆன்டிகுவா. 2022 வரை ஐந்து பட்டம். அதுவரை வேறு எந்த நாடும் இத்தனை வாங்கியதில்லை. 2016-லிருந்து 2024 வரை நடந்த ஐந்து உலகக் கோப்பைகளிலும் இந்தியா இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறது. தோற்ற கதைகளும் உண்டு. 2006 இறுதியில் பாகிஸ்தானை 109 ரன்னில் சுருட்டிவிட்டு இந்தியா 71-க்கு ஆட்டமிழந்தது. ரோஹித் சர்மா, புஜாரா, ஜடேஜா மூவரும் அந்த அணியில் இருந்தார்கள்.

இதற்கெல்லாம் முந்திய கதை பலருக்கும் தெரியாது. முதல் இளையோர் உலகக் கோப்பை 1988-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. இந்திய அணியின் கேப்டன் ஒரு தமிழர், எம். செந்தில்நாதன். எதிரணிகளில் பிரையன் லாரா, மைக்கேல் ஆதர்டன், இன்சமாம், ஜெயசூர்யா எல்லாரும் இருந்தார்கள். நம் அணியில் இருந்த நரேந்திர ஹிர்வானி சில வாரங்களுக்கு முன்புதான் சேப்பாக்கத்தில், தன் முதல் டெஸ்டிலேயே, மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டைச் சாய்த்திருந்தார். டெஸ்ட் ஆடி உலகையே வாய் பிளக்க வைத்தவர் திரும்ப வந்து பையன்களோடு ஆடினார் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அரையிறுதிக்கு இந்தியா போகவில்லை, கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு. அதன்பின் பத்து வருடம், 1998 வரை, அந்தப் போட்டியே நடக்கவில்லை. செந்தில்நாதன் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷனில் வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கும் வேலையில் தங்கிவிட்டார். நாட்டின் முதல் இளையோர் உலகக் கோப்பைக் கேப்டன் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இளையோர் அணியை அதன் கோப்பையை வைத்து அளப்பது எனக்கு ஒப்பவில்லை. 2008 உலகக் கோப்பையில் அதிக ரன் எடுத்தவர் கோலி இல்லை. 262 ரன் எடுத்த தன்மய் ஸ்ரீவஸ்தவா. அவர் 2025-ல் ஐபிஎல் மைதானத்துக்கு அம்பயராகத் திரும்பினார். அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆட்ட நாயகன் அஜிதேஷ் அர்கல். வருமான வரித் துறையில் வேலை பார்த்து, பிறகு அவரும் அம்பயர் தேர்வு எழுதினார். தமிழ்நாட்டின் நெப்போலியன் ஐன்ஸ்டீனும் அந்த அணியில் இருந்தவர்தான். இரண்டு பெரிய பெயர்களை ஒருசேரச் சுமந்த அந்தப் பையனைச் சீனியர் அணியில் நாம் பார்க்கவில்லை. 2012 இறுதியில் ஆட்டமிழக்காமல் 111 அடித்த உன்முக்த் சந்த் ஒரு முறைகூட இந்தியாவுக்கு ஆடாமல், 28 வயதில் இந்தியக் கிரிக்கெட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அமெரிக்கா போனார். அதே கோப்பையில் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் ஆட்ட நாயகன் சென்னையின் பாபா அபராஜித். பத்து வருடத்துக்கு மேல் ரஞ்சியில் ரன் குவித்தும் இந்திய அணியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

இவர்களைத் தோற்றவர்கள் என்று எழுதுவது அநியாயம். அம்பயராவதும் அரசு வேலைக்குப் போவதும் வாழ்க்கைதான். பத்தொன்பது வயதில் வாங்கிய கோப்பை முப்பது வயதுக்கு உத்தரவாதம் தராது, அவ்வளவுதான். இவர்களுக்கெல்லாம் முன்னால் எல். சிவராமகிருஷ்ணன் இருக்கிறார். மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளிக்கு ஆடும்போது 2 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த பையன். 16 வயதில் ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7. 17 வயதில் ஆன்டிகுவாவில் டெஸ்ட். அன்றைய தேதிக்கு இந்தியாவுக்காக ஆடிய மிக இளையவர். 18 வயதில் பம்பாயில் இங்கிலாந்தின் 12 விக்கெட். 20 வயதில் கடைசி டெஸ்ட். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். சூர்யவன்ஷியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று சிவாவை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, எதை வைத்து அளப்பது? பிரிஸ்பேனை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி 15, காபா மைதானம். காயத்தில் பாதி அணி படுத்துவிட்டதால் ஒரே நாளில் இரண்டு தமிழர்களுக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது. ஒருவர் வாஷிங்டன் சுந்தர், வயது 21. சென்னைப் பையன், செயின்ட் பீட்ஸ் பள்ளி, இளையோர் உலகக் கோப்பை, ஐபிஎல், இந்திய அணி என்று படிப்படியாக வந்தவர். இன்னொருவர் டி. நடராஜன், வயது 29. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா விசைத்தறிக் கூலி, அம்மா சாலையோரக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பால்தான் ஆடினார். அவர் லெதர் பாலைக் கையில் பிடித்துப் பழகும்போது 19 வயதுப் பிரிவு அவருக்கு முடிந்து போயிருந்தது. முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். வாஷிங்டன் பேட்டிங்கில் 62-ம் அடித்தார். 328 ரன்னை விரட்டி இந்தியா வென்ற அந்தக் கடைசி நாளில் 91 அடித்த ஷுப்மன் கில்லும் 89 அடித்து நின்ற ரிஷப் பந்தும் இளையோர் உலகக் கோப்பையில் ஆடிவந்தவர்கள்; இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த சிராஜ் ஹைதராபாத் தெருக்களில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகன்.

இளையோர் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு கில்லும் பந்தும் வாஷிங்டனும் சாட்சி. அது எத்தனை பேரைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது என்பதற்கு நடராஜன் சாட்சி. ஒருவர் தப்பி வந்துவிட்டார் என்பதைச் சாதனைக் கதையாக்கிக் கைதட்டுவது நமக்குப் பழக்கம். வராமல் போனவர்களை எண்ணிப் பார்த்தால் கை தட்டத் தோன்றாது. வருண் சக்கரவர்த்தியையும் பாருங்கள். பள்ளியில் விக்கெட் கீப்பராக ஆடியவர், பதினேழு வயதில் ஆட்டத்தை விட்டு, ஆர்க்கிடெக்சர் படித்து, வேலைக்கும் போய், பிறகு டென்னிஸ் பாலில் விரல் வித்தையைக் கண்டுபிடித்துத் திரும்பிவந்தார். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற ஒன்று 2016-ல் தொடங்காமல் இருந்திருந்தால் இந்த இருவரையும் நாம் எங்கே கண்டுபிடித்திருப்போம்? அந்த லீகுக்கு நன்றி. ஆனால் அது பின்வாசல். முன்வாசல், அதாவது 14, 16, 19 வயதுப் பிரிவுத் தேர்வுகள், சென்னைப் பள்ளிகளையும் சென்னை அகாடமிகளையும் பார்த்துத்தான் இன்னும் திறந்திருக்கிறது. மதுரையின் ஜி. கமலினி 2025-ல் கோலாலம்பூரில் இளையோர் பெண்கள் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 அடித்தார். அவரும் பயிற்சிக்குச் சென்னை வரத்தான் வேண்டியிருந்தது.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலிருந்து சேப்பாக்கம் எழுபது, எண்பது கிலோமீட்டர்தான். எங்கள் ஊரை வெளியே அறிந்தவர்கள் கூரத்தாழ்வானுக்காக அறிவார்கள்; வரலாறு படித்தவர்கள் பல்லவன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டுக்காக அறிவார்கள். ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏழாம் நூற்றாண்டிலேயே ஏற்பாடு செய்து செம்பில் எழுதிவைத்த ஊர் இது. எந்தக் கிரிக்கெட் தேர்வாளருக்கும் இந்த ஊரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அறுவடை முடிந்த வயலில் ஸ்டம்புக்கு மூன்று குச்சி நட்டுப் பையன்கள் டென்னிஸ் பால் ஆடுகிறார்கள். பக்கத்து ஊர் டோர்னமெண்டுக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு என்ட்ரி கட்டுகிறார்கள். அவர்களில் ஒருவன் யார்க்கர் போடுவதைப் பார்த்தால் யாரும் நின்று பார்ப்பார்கள். அவனுக்குப் பதினைந்து வயது. ஸ்பைக்ஸ் போட்டதில்லை, டர்ஃப் விக்கெட்டில் கால் வைத்ததில்லை. மாவட்ட 16 வயது அணிக்குத் தேர்வு நடப்பதே அவன் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது பத்தாம் வகுப்பு நேரம்.

எங்கள் பக்கத்துத் தறி வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். கரைக்கு நாடா வாங்கிப் போடும் பக்க ஆள் காலங்காலமாக வீட்டுப் பிள்ளைதான். இன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், நல்லது. ஆனாலும் பள்ளி விட்ட பிறகான நேரமும் லீவு நாளும் யாருடையவை என்பது வீட்டுக்கு வீடு மாறும். தினமும் நெட் பயிற்சிக்குக் காஞ்சிபுரம் போய்வர பஸ் காசும், ஒரு சேலைக் கூலியையே விழுங்கிவிடும் விலையில் ஒரு பேட்டும் வேண்டும் என்றால் அப்பா என்ன சொல்வார்? சூர்யவன்ஷியின் தந்தை சமஸ்திபூரிலிருந்து பாட்னாவுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு அலைந்தார், நிலத்தை விற்றார். அதைப் புகழ்ந்து எழுதாத பத்திரிகை இல்லை. விற்க நிலம் இல்லாத தந்தையைப் பற்றி யார் எழுதுவார்கள்?

கூச் பெஹார் கோப்பை 1945-46-ல் பள்ளி அணிகளுக்கான போட்டியாகத் தொடங்கியது. 1987-88-லிருந்துதான் 19 வயதுப் பிரிவுப் போட்டியாக மாறியது. பள்ளி மைதானம்தான் இந்த ஆட்டத்தின் நாற்றங்கால் என்று அன்று நினைத்தார்கள். இன்று கிராமத்து அரசுப் பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியர் இருந்தால் மைதானம் இல்லை, மைதானம் இருந்தால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். இதில் கிரிக்கெட் சங்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் பணம் இருப்பது அவர்களிடம்தான்.

சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் சொந்த முயற்சியில் ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அதைத் திறந்துவைத்தவர் தினேஷ் கார்த்திக்; 2004-ல் இளையோர் உலகக் கோப்பை ஆடியவர். முன்வாசலில் வந்தவர், பின்வாசலில் வந்தவர் கட்டிய மைதானத்தைத் திறந்துவைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியம் இருக்கும் நாட்டில், ஒரு கிராமத்துக்கு மைதானம் வர அந்த ஊர்க்காரர் ஒருவர் முதலில் இந்தியாவுக்கு ஆடியாக வேண்டும் என்பது என்ன ஏற்பாடு?

உத்திரமேரூர்க் கல்வெட்டின் மூன்றாவது விதியைப் பாக்கி என்று சொன்னது இதற்காகத்தான். கணக்குக் காட்டுங்கள். தமிழ்நாட்டின் 16, 19 வயது அணிகளை அறிவிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த மாவட்டத் தேர்விலிருந்து வந்தவர் என்று போடுங்கள். பத்து வருடப் பட்டியலை அப்படி அச்சிட்டால் எந்த ஒன்றியம் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கப்படவில்லை என்பது தானே தெரிந்துவிடும்.

மாவட்டத் தேர்வை மாவட்டத் தலைநகரில் மட்டும் வைக்காமல், மே மாத லீவில், பரீட்சை முடிந்த பிறகு, ஒன்றியத்துக்கு ஒரு நாள் என்று நடத்துங்கள். லெதர் பாலும் பேடும் ஸ்பைக்ஸும் தேர்வாளரே கொண்டுவரட்டும். டென்னிஸ் பால் டோர்னமெண்டுகளுக்கு 13-லிருந்து 15 வயதுப் பையன்களையும் பெண்பிள்ளைகளையும் பார்க்க ஆள் அனுப்புங்கள். ஒன்றியத்துக்கு ஒரு அரசுப் பள்ளியில் ஒரு டர்ஃப் விக்கெட் போடுங்கள். முடியாவிட்டால் ஒரு மேட்டிங் விக்கெட்டாவது போடுங்கள். காஞ்சிபுரம் வட்டாரத்தில் முதலில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், கூரத்துக்கு வாருங்கள் என்று நான் சொல்வேன். எந்த நாள் என்பதை மட்டும் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.